கோட்டையும் கட்டுச்சோறும்: திருச்சிராப்பள்ளியின் ஆடிப்பெருக்கு

திருச்சிராப்பள்ளியின் வரலாறு பெரும்பாலும் மலைக்கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பல்லவர் குடைவரை, நாயக்கர் மதில், கர்நாடகப் போர்களின் முற்றுகை என்று நகரும் அந்த வரலாறு ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெறுவதோடு ஓய்ந்துவிடுகிறது. அதே மலையின் அடிவாரத்தில், ஆண்டுதோறும் ஆடி மாதம் 18ஆம் நாள், சமைத்த சோற்றைத் தூக்குகளில் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காவிரிக்கு வந்து, ஆற்றை வணங்கி, கரையிலேயே உண்டு, முடிந்தவர்கள் மலையும் ஏறிப் பொழுது சாய வீடு திரும்பும் வழக்கத்துக்கு அந்நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆடிப்பெருக்கு, பதினெட்டாம் பெருக்கு என்று வழங்கும் இந்நாளின் வேர்களைத் தேடிச் சென்றால், கோட்டை மதிலை மிக இளையதாகக் காட்டும் அளவுக்குப் பழைய சான்றுகள் கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பழையது அடுப்பைப் பற்றியது.

அந்தச் சான்றைப் புரிந்துகொள்ள இடத்தின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடம் என்றும் தென்கிளை காவிரி என்றும் பெயர் பெற்று, கிழக்கே கல்லணைக்கருகில் மீண்டும் நெருங்கி வருகிறது. இவ்விரு கிளைகளுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. தென்கிளையின் தென்கரையில், சமவெளியிலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழும் பாறையே மலைக்கோட்டை. பாறைக்கு மேற்கே, முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர், இன்று நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

அந்த உறையூரைச் சேர்ந்த முதுகூத்தனார் பாடியதாகத் தொகுக்கப்பட்டுள்ள அகநானூற்றின் 137ஆம் பாடல், தலைவனின் பிரிவை எண்ணிப் பொலிவிழந்த ஒரு பெண்ணின் நெற்றிக்கு உவமை தேடுகிறது. உறந்தை எனப்படும் உறையூரை ஒட்டிய பேராற்றின் கரைச் சோலையில் பங்குனி விழா நடந்து முடிந்த மறுநாள், மக்கள் கலைந்து சென்றபின், தீ அவிந்த அடுப்புகள் மட்டும் எஞ்சிக் கிடக்கும் அரங்கத்தை, அதாவது ஆற்றிடைத் திட்டை, புலவர் உவமையாகக் காட்டுகிறார். இது இன்றைய திருவரங்கத்தையே குறிக்கும் என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் ஒன்று உறுதியாகிறது: உறையூர் மக்கள் விழா நாளில் ஆற்றுத் திட்டுக்குச் சென்று, மணலில் அடுப்புக் கூட்டிச் சமைத்து உண்டிருக்கின்றனர், மறுநாள் கைவிடப்பட்ட அடுப்புகளின் காட்சி, விளக்கம் தேவைப்படாத உவமையாகும் அளவுக்குக் கேட்போர் அனைவருக்கும் பழக்கமாயிருந்திருக்கிறது. அரசரையும் கொடையையும் பேசும் சான்றுகள் மலிந்த ஊரில், சாதாரணக் குடும்பங்கள் ஒரு நாள் எப்படிக் கழித்தன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சான்று வேறொன்று கிடைப்பது கடினம்.

அப்பாடல் சொல்வது பங்குனி, அதாவது ஆற்றில் நீர் வற்றி மணல் விரியும் பருவம். ஆடியோ அதற்கு நேர்மாறானது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை வலுக்க, புதுவெள்ளம் செந்நிறமாகச் சோழநாட்டுக்குள் வரும் பருவம் அது. இவ்வெள்ளத்தை எதிர்கொள்ளும் விழாவுக்கும் பழஞ்சான்று உண்டு. கரிகாலன் காவிரியில் நடத்திய புதுப்புனல் விழாவைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை நினைவுகூர்கிறது. கழார் என்னும் துறையில் நடந்த நீர்விழாவில் ஆட்டனத்தியை ஆறு கவர்ந்து சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வற்றிய ஆற்றின் மணலில் உண்ணும் விழாவும் பெருகிய ஆற்றின் கரையில் கூடும் விழாவும் ஆதியில் வெவ்வேறாக இருந்து, பின்னாளில் ஆடி 18இல் ஒன்றுசேர்ந்திருக்கக் கூடும். ஆனால் வெள்ளம் ஓடும் ஆற்றுக்கு நடுவே அடுப்புக் கூட்ட முடியாது. ஆடிக்குரிய உணவு, வீட்டிலேயே சமைத்துக் கட்டி எடுத்துச் செல்லும் கட்டுச்சோறாக அமைந்ததற்கு அந்தப் பருவமே காரணம் என்று கருத இடமுண்டு.

மலையின் கதையும் ஆற்றிலிருந்தே தொடங்குகிறது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் இப்பாறையின் மேற்பகுதியில் குடைவித்த கோயிலுக்கு லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். மன்னனின் விருதுப் பெயர்களுள் ஒன்று லலிதாங்குரன் என்பது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் பெரிய புடைப்புச் சிற்பம் அங்கே ஒரு சுவர் முழுவதையும் நிறைத்திருக்கிறது. அதை அடுத்த தூண்களில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியின் அழகைக் கண்டு அவள்மேல் காதல் கொண்டுவிடக் கூடும் என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாள் என்று கற்பனை செய்கிறது. தரையில் நின்றால் சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் எப்படிக் காண்பது என்று இறைவன் கேட்டதால் மன்னன் இம்மலையுச்சியில் அவனுக்கு இடம் அமைத்தான் என்றும் கூறுகிறது. பாறை கோட்டையாவதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே, காவிரியைக் காண்பதற்கென்று ஏறும் இடமாக அது கல்லில் பதிவாகிவிட்டது. இன்று உச்சிப்பிள்ளையார் கோயிலின் வெளிச்சுற்றில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஆறும் தீவும் திருவரங்கத்து இராசகோபுரமும் ஒருசேரத் தெரிய நிற்கும் குடும்பங்கள் அக்கல்வெட்டைப் படித்தவையல்ல. அது சொல்லும் காரியத்தையே அவை செய்கின்றன.

மலையின் நடுப்பகுதியில் உள்ள தாயுமானவர் கோயிலின் தலபுராணம் ஆற்றையும் பேறுகாலத்தையும் இணைக்கிறது. பேறுகாலம் நெருங்கிய இரத்தினாவதி என்னும் செட்டிப்பெண்ணுக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே தாயின் வடிவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தான் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்ற பெயரில் இந்நிகழ்ச்சி இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது; சுகப்பேறு வேண்டுவோர் வாழைத்தார் நேர்ந்துகொண்டு வந்து படைக்கின்றனர். ஆடிப்பெருக்கின் உணவுக்கு மக்கள் சொல்லும் காரணமும் இதை ஒத்தே இருக்கிறது. பெருகி வரும் காவிரி கருவுற்றிருக்கிறாள் என்பதும், மசக்கைக்காரியின் நாக்குப் புளிப்பையும் இனிப்பையும் மாறி மாறிக் கேட்கும் என்பதும் அந்நம்பிக்கை. ஆதலால் ஒரே வகைச் சோறு போதாமல், சித்திரான்னம் என்று வழங்கும் பலவகைக் கலந்த சோறு அவளுக்குப் படைக்கப்படுகிறது. புராணம் எழுந்த காலம் எதுவாயினும், வெள்ளத்தால் தடுக்கப்பட்ட தாயும், வெள்ளமாகவே வரும் தாயும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வணங்கப்படுவது, ஆற்றங்கரை மக்கள் பெருக்கை அச்சமும் அன்பும் கலந்தே பார்த்தனர் என்பதைக் காட்டுகிறது.

கோட்டை என்று சொல்லத்தக்க மதில்கள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரை நாயக்க ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர், வல்லத்தைத் தஞ்சை நாயக்கருக்குக் கொடுத்துத் திருச்சியைப் பெற்று, மதிலும் அகழியும் தெப்பக்குளமும் அமைத்தார் என்பர். சுமார் 1 மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட செவ்வக வடிவில், நகரத்தையும் பாறையையும் உள்ளடக்கியிருந்த அக்கோட்டை, 17ஆம் நூற்றாண்டில் இருமுறை நாயக்கர்களின் தலைநகராகவும் விளங்கியது. சொக்கநாத நாயக்கர் காலத்து அரண்மனையில் எஞ்சிய தர்பார் மண்டபம், ராணி மங்கம்மாளின் பெயரால் அறியப்பட்டு, இப்போது அரசு அருங்காட்சியகமாக இயங்குகிறது.

மதில் எழுந்தபின் ஆற்றுக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு வேறொரு முகம் கொண்டது. 1751 முதல் 1754 வரை ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த போரில் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருக்க, சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் வெளியே நின்றனர். இப்போரை எழுதியவர்கள், முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயத் தளபதிகளான கிளைவின் துணிவையும் லாரன்சின் திட்டத்தையும் விரித்துரைப்பர். ஆனால் அதன் போக்கைத் தீர்மானித்தது தானியம். 1752இல் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, சேர்த்து வைத்திருந்த உணவுப்பொருளில் பெரும் பகுதியை எரித்துவிட்டுத் திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ் பாசறை அமைத்துப் புதுச்சேரியிலிருந்து வரும் பாதையை அடைத்துவிட, கோயில் மதில்களுக்குள் தங்கிய படை உணவின்றித் தவித்து, அவ்வாண்டு ஜூனில் சரணடைந்தது. தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. திருச்சியைத் தனக்குத் தருவதாக முகமது அலி சொன்ன வாக்கு காப்பாற்றப்படாததால் சினந்த, மைசூர்ப் படைக்குத் தலைமை தாங்கிய நஞ்சராசன், கோட்டைக்கு வரும் தானியத்தைத் தடுத்தபோது, புதுக்கோட்டைத் தொண்டைமானின் நாட்டிலிருந்து காட்டு வழியே வந்த உணவுப்பொருளே ஊரைக் காத்தது. உறையூர்ப் புலவர் கண்ட அணைந்த அடுப்புகளுக்கு விழா முடிந்தது காரணம். 1752இல் அதே தீவில் அடுப்புகள் அணைந்ததற்கு அரிசி தீர்ந்தது காரணம். முற்றுகை நீடித்த அந்த ஆடி மாதங்களில் ஊர்மக்கள் என்ன உண்டனர் என்பதைப் போர் வரலாறுகள் பதிவு செய்யவில்லை என்பது பெரும் இழப்பாகும்.

ஆங்கிலேயர் ஆட்சி உறுதிப்பட்டபின் கோட்டைக்குப் போர்ப்பயன் இல்லாமற்போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் மேற்கு, கிழக்கு புலிவார்டு சாலைகள் உருவாயின. மேற்குவாயிலான மெயின்கார்டு கேட் மட்டும் தப்பி நிற்கிறது. மதில் போனதால், ஆற்றிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கடைவீதிக்கும் மக்கள் தடையின்றி நடக்க வழி பிறந்தது. ஆனால் மலை எல்லாக் கூட்டத்தையும் தாங்கக் கூடியதாக இல்லை. 1849இல் பிள்ளையார் விழாவின்போது குறுகிய படிவழியில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 250 பேர் இறந்தனர். அந்தத் துயரத்தை இன்று நினைவுகூர்வோர் குறைவு. பாறையைக் குடைந்து செல்லும் அப்படிகளில் கைக்குழந்தையோடு ஏறும் எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. 1860களில் இரயில் வந்ததும், பின்னர்ப் பேருந்துகள் பெருகியதும், காவிரிக் கரைக்கு வெகு தொலைவில் வாழ்ந்தவர்களும் காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒருநாள் பயணமாக ஆடிப்பெருக்கை மாற்றின.

அந்நாளில் ஆற்றின் இரு கரைகளும் நிறைந்துவிடும். திருவரங்கத்தின் பக்கம் அம்மா மண்டபமும் கருட மண்டபமும் கீதாபுரமும், திருச்சியின் பக்கம் ஓடத்துறையும் சிந்தாமணியும் அய்யாளம்மன் படித்துறையும் விடியற்காலை முதலே கூட்டத்தால் நெருக்கமாகின்றன. படித்துறை என்பது ஆற்றில் இறங்கக் கல்படி கட்டிய துறை. வந்தவர்கள் நீராடியபின், ஈரமணலையோ மஞ்சளையோ பிடித்துப் பிள்ளையாராக்கி, வாழையிலை விரித்து, காதோலை, கருகமணி, மஞ்சள்கயிறு, விளாம்பழம், நாவற்பழம், காப்பரிசி ஆகியவற்றைப் படைக்கின்றனர். காப்பரிசி என்பது ஊறவைத்த பச்சரிசியோடு வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் கலந்தது. அடுப்பில் ஏறாத உணவாகிய இது, அடுப்புக் கூட்ட முடியாத கரைக்குப் பொருத்தமானது. பெண்கள் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கின்றனர். புதுமணத் தம்பதியர் எடுத்து வைத்திருந்த மணமாலைகளை ஆற்றில் விடுகின்றனர். திருவரங்கம் கோயிலிலிருந்து உற்சவரான நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, பட்டுப்புடவையும் மாலையும் தாம்பூலமும் காவிரிக்குச் சீராக அளிப்பதும் ஆடிப்பெருக்கை ஒட்டி நடப்பதே. பிறந்த வீட்டார் பெண்ணுக்குச் சீர் கொண்டுவரும் முறையில் அது நடைபெறுகிறது.

உச்சிப் பொழுதில் தூக்குகள் திறக்கப்படுகின்றன. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு என்று வரிசை நீளும். தொட்டுக்கொள்ள வடாமும் அப்பளமும் மோர்மிளகாயும் இருக்கும். இவற்றுள் புளியோதரையின் செய்முறை, வழிப்பயணத்துக்கென்றே நுட்பமாக அமைந்தது. பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சுவது புளிக்காய்ச்சல். இறக்குமுன் வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்க்கப்படும். சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் தெளித்து ஆறவிட்டு, பருக்கை உடையாமல் காய்ச்சலைப் பிசிறுவர். புளியின் காடியும் சுண்டிப்போன நீரும் மேலே படர்ந்த எண்ணெயும் சேர்ந்து சோறு நெடுநேரம் கெடாமல் காக்கின்றன. காலையில் கலந்ததைவிட நண்பகலில் சுவை கூடுவதும் அதனால்தான். தயிர்ச்சோற்றுக்கோ எதிர்வழி கையாளப்படுகிறது: விடியலில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் விட்டுப் பிசைந்து எடுத்துச் சென்றால், உண்ணும் வேளைக்கு அது பதமாக உறைந்து புளிக்காமல் இருக்கும். பாத்திரம் குறைவாயிருந்த காலத்தில், தணலில் வாட்டிய வாழையிலையிலோ தைத்த மந்தாரை இலையிலோ சோறு பொட்டலமாகக் கட்டப்பட்டது. வாட்டிய இலை கிழியாமல் மடியும் என்பதோடு சோற்றுக்குத் தன் மணத்தையும் தரும்.

இச்சோற்றுவகைகளில் காய்கறி ஏறக்குறைய இல்லை என்பது கவனிக்கத்தக்கது. புளி, எள், தேங்காய், வெல்லம், பருப்பு ஆகியவை ஆண்டு முழுதும் வீட்டில் இருப்பவை. குறுவை இன்னும் அறுவடைக்கு வராத, குதிரில் நெல் தாழ்ந்துவரும் ஆடியில், கைவசம் உள்ளதைக் கொண்டே ஒரு விருந்தை உருவாக்கும் திறன் அதில் தெரிகிறது. சித்திரான்னத்தை வசதி படைத்தோரின் ஆடம்பரமாகக் காண்பதைவிட, குறைந்த பொருளில் மிகுந்த வேறுபாடு காட்டும் இல்லப் பெண்களின் கலையாகக் காண்பதே பொருந்தும். மிளகாய் போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதால், இன்று சிவந்த வற்றலோடு தாளிக்கப்படும் சோறு அதற்கு முன் மிளகின் காரத்தையே நம்பியிருந்திருக்க வேண்டும். மடைப்பள்ளி எனப்படும் கோயில் சமையற்கூடங்கள் பலவற்றில் மிளகாய் புகாமல் மிளகே தொடர்வது அப்பழைய சுவைக்குச் சான்றாக நிற்கிறது.

மலையிலும் அரங்கத்திலும் உணவு வழிபாட்டின் நடுவில் இருக்கிறது. திருவரங்கத்தில் பெருமாளுக்குரிய தளிகை, அதாவது படையல் உணவு, நாள்தோறும் புதிய மண்பானைகளில் ஆக்கப்படுகிறது. பெருமாளின் துணைவியாக வணங்கப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கமும் அங்குண்டு. விபீடணன் கொண்டுவந்த அரங்க விமானத்தைக் காவிரிக் கரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடிப் பாறையுச்சியில் ஏறிக்கொண்டவர் என்று புராணம் கூறும் பிள்ளையாருக்கு, ஆவணிச் சதுர்த்தியன்று மொத்தம் 150 கிலோ எடையுள்ள கொழுக்கட்டை படைக்கப்படுகிறது. பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள், ஏலக்காய், நெய் சேர்த்து ஆவியில் வேகவைத்து, ஒரு பாதியை அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு வைத்துவிட்டு, மறுபாதியைத் துணியில் கட்டித் தூளிபோல் தோளில் சுமந்து 400க்கு மேற்பட்ட படிகளில் ஏற்றிச் செல்கின்றனர். ஆடிப்பெருக்கில் குடும்பம் சுமக்கும் தூக்கும், ஆவணியில் கோயில் பணியாளர் சுமக்கும் தூளியும், சமைத்த இடத்திலிருந்து வணங்கும் இடத்துக்கு உணவைக் கொண்டுசேர்க்கும் ஒரே மரபின் இரு வடிவங்களாகும்.

அச்சில் இவ்வழக்கத்துக்கு நிலையான இடம் தந்தவர் கல்கி. 1950இல் தொடராக வரத் தொடங்கிய பொன்னியின் செல்வன் ஆடிப் பதினெட்டாம் நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், சித்திரான்னத்தோடு கூடியிருக்கும் குடும்பங்களின் நடுவே தொடங்குகிறது. அதற்குள் உண்மைக் காவிரியின் இயல்பே மாறிப்போயிருந்தது. முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, இரு கிளைகளுக்கும் நீரைப் பங்கிட்டது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி ஆழத்துக்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கியது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1924இன் பெருவெள்ளத்தைக் கண்ட தலைமுறைக்கு அது பெரிய காப்பாகத் தோன்றியது. ஆயினும் அதன்பின் ஆடிப்பெருக்கு மழையை மட்டும் நம்பிய விழாவாக இல்லாமல், ஜூன் 12ஆம் நாள் மதகு திறக்கப்படுமா என்பதை எதிர்நோக்கும் விழாவாயிற்று. காவிரி நீர்ப்பங்கீட்டு வழக்குகள் முற்றியபின் அந்த எதிர்பார்ப்பு கவலையாக மாறியது.

வறண்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய்களில் கொண்டுவந்து அம்மா மண்டபத்தில் குளிக்க ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் படித்துறைகள் மூடப்பட்டபோது, குடும்பங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் குழாயடியிலும் மஞ்சள் பிள்ளையாரை வைத்து வணங்கின. நீர் மிகும் ஆண்டுகளின் இடர் வேறு வகையானது: 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன, 2024 ஆடியில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது ஆற்றில் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, மக்கள் கரையில் நின்றே வழிபட்டனர். இவ்வளவுக்கும் இடையில் பாசனத்துக்கே நீர் போதாதிருந்த சில ஆண்டுகளில், ஆடிப்பெருக்குக்கென்று தனியாக அணையிலிருந்து நீர் திறக்க அரசு ஆணையிட்டதும் உண்டு. குறுவைக்கும் சம்பாவுக்கும் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கும் நீர்ப் பதிவேடுகளில், மக்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து வணங்கி உண்பதற்காக விடப்பட்ட நீரும் அவ்வாறு இடம்பெற்றுள்ளது.